மிளகின் பெயரில் வந்த காய்

அவருடைய கைக்குட்டை முடிச்சில் இரண்டு பொருள்கள் எப்போதும் இருக்கும். ஒரு மிளகாய் வத்தல்; கூடவே நாலைந்து மிளகு. வேறு பாஷை பேசுகிறவர் யார் எதிரே வந்தாலும் அந்த முடிச்சு அவிழும். முதலில் மிளகை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார்.

“இதுக்கு உங்க வீட்டுல என்ன சொல்லுவிய?”

சொல்வார்கள். அடுத்து வத்தலை எடுத்து நீட்டுவார்.

“அப்போ இதுக்கு?”

இரண்டாவது பதில் வந்ததும் அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். நினைத்தது நினைத்தபடியே இருக்கிறது என்கிற நிறைவு. பிறகு வத்தலையும் மிளகையும் முடிந்துகொண்டு, ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கேட்கப்பட்டவர்தான் என்ன நடந்தது என்று புரியாமல் நிற்பார்.

எண்பதுகளின் நடுவில் அவர் அருப்புக்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்தார். பிறந்த ஊர் நாகர்கோவில் பக்கம். எங்கள் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘நாரோயில்காரி’ என்பார்கள். என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் நான் ‘நாரோயில் அக்கா’ என்பேன். அப்போது நான் ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, அம்மாவோடு அவர்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருந்தேன்.

அவர் வந்து சேர்ந்த வீடு வத்தல் மண்டிக்காரர்களுடையது. முன்பக்கம் மண்டி, பின்பக்கமும் மாடியும் குடித்தனம். திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கரிசலில் விளைகிற வத்தல் மாசி பிறந்ததும் மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் வந்து அந்த வாசலில் இறங்கும். சீசனில் அந்த வீட்டுப் படியேறுகிற எவரும் தும்மாமல் பேச்சைத் தொடங்க முடியாது. தபால்காரர் தெருவில் நின்றே கடிதத்தை நீட்டுவார். வீட்டு ஆட்கள் மட்டும் தும்ம மாட்டார்கள். அக்காவுக்கு அந்த நிலை வாய்க்க இரண்டு சீசன் ஆனது.

கல்யாணம் அவர்களாக விரும்பிச் செய்துகொண்டது. இரு வீட்டாரும் ஒரே சாதிசனம்தான், சாமிதான் வேறு. அக்கா வேதக்கார வீட்டுப் பெண். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சேலை உடுத்தி, வேதப் புத்தகத்தோடு சர்ச்சுக்கு நடந்து போவார். மண்டியை நடத்தி வந்த மாமனார் அதற்கு முன்பே இறந்துவிட்டார். மாமியாரும், மாமனாருடைய தம்பியான சின்ன மாமனாரும் முதலில் முறுக்கிக்கொண்டு நின்று, பிறகு மகனுடைய முகத்துக்காக இறங்கி வந்தார்கள். இறங்கி வந்ததிலும் ஒரு படி பாக்கி இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த முடிச்சு எப்படித் தொடங்கியது என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். வந்த புதிதில் ரசம் வைக்க அடுப்படிக்குள் போனவர், மாமியாரிடம், “நல்லமிளகு எதுல இருக்கு அத்தே?” என்று கேட்டாராம்.

“நல்ல மிளகா? அப்பக் கெட்ட மிளகு எது?” என்றார் மாமியார்.

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சின்ன மாமனார் தலையைத் தூக்காமலே சொன்னார்: “வேற எது? முன்னால மூடை மூடையா அடுக்கியிருக்கோமே, அதுதான்!”

வீடே சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் ராத்திரி படுத்தபோது அந்தக் கேள்வி மட்டும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. தன் ஊரில் ஏன் மிளகை ‘நல்லமிளகு’ என்கிறார்கள்? வெறும் மிளகு என்றால் போதாதா? போதாது. ஏனென்றால் அங்கே வத்தலும் மிளகுதான், வத்தமிளகு. பக்கத்து மலையாளத்திலும் அதே கதை, இரண்டுமே முளகு. வெறுமனே சொன்னால் எது என்று தெரியாது. அதனால் பழையதற்கு ஒரு ‘நல்ல’ போட வேண்டியிருக்கிறது.

“நம்ம ரெண்டு ஊருலயும் வத்தல் மிளகுக்க பேரைத்தான் வச்சிருக்கு. மத்தவிய என்ன செய்தாவன்னு பாக்கணும்லா?” என்றார்.

பார்ப்பதற்கு அருப்புக்கோட்டையைவிடத் தோதான ஊர் கிடையாது. தறி நெய்கிற தெருக்களில் கன்னடம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் முடிச்சு, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த ஒரு கன்னடக்கார அம்மாவிடம் அவிழ்ந்தது. மிளகு அவருக்கு மெணசு. வத்தல் மெணசினகாயி. “நம்ம மாதிரியே, மிளகும் காயும்!” என்று அக்கா குடத்தை வைத்துவிட்டு ஓடி வந்து எங்கள் அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. “அதுக்கு எதுக்கு இந்த ஓட்டம் ஓடியாந்த? கொடத்தை எவளாச்சும் தள்ளி வச்சிரப்போறா, போ” என்றார்.

மழை பொய்த்த வருஷங்களில் குண்டூர் வத்தல் லாரியில் வரும். ஒரு டிரைவர் வண்டியை மண்டி வாசலில் நிறுத்திவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா அவர் முன் வத்தலை நீட்டினார். லோடில் குறை சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து அந்த மனிதர் இரண்டு கையையும் விரித்து, தனக்கும் சரக்குக்கும் சம்பந்தமில்லை என்று தெலுங்கில் மன்றாட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் மண்டிக் கணக்குப்பிள்ளை வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பேசினார். மிளகு மிரியாலு. வத்தல் மிரபகாய. டிரைவர் சிரித்துவிட்டு ஒரு கைப்பிடி வத்தலை அள்ளி அக்காவிடமே கொடுத்தார். “நம்ம லோடுல இருந்து நமக்கே இனாமாக்கும்!” என்று அதை அவர் பலநாள் சொல்லிச் சிரித்தார்.

அடகுக்கடை சேட்டு, காலி மிர்ச் என்றும் லால் மிர்ச் என்றும் சொன்னார். கறுப்பு மிளகு, சிவப்பு மிளகு. அக்காவுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அவருடைய முடிவு தயாராகிவிட்டது.

“நான் சொல்லுதேன் கேளு. ஒரு வீட்டுல பிறந்த பிள்ளைக்குத் தனியா ஒரு பேரு இருக்கும். பொறத்தே இருந்து வந்த பிள்ளைன்னா, ஏற்கெனவே இருக்கிறவன் பேரைச் சொல்லி, அவனைப் போல ஒருத்தன்னு கூப்பிடுவாவ. இத்தனை பாஷையிலயும் இதுக்குத் தனிப்பேரு கிடையாது. மிளகைப் போல உறைக்கிற காயி, அவ்வளவுதான். அப்போ இது கப்பல்ல வந்ததுதான்.”

சும்மா சொல்லவில்லை. நூலகத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய்த் தடித்த அகராதியைப் புரட்டினார். ‘சில்லி’ என்கிற ஆங்கிலச் சொல் மெக்சிகோவின் பழங்குடிகளுடைய பாஷையிலிருந்து வந்தது என்று போட்டிருந்தது. காயின் சொந்த ஊர் அதுதான். சொந்தப் பெயரும் அதுதான். மிளகைத் தேடிக் கப்பலேறியவர்கள் அங்கே இறங்கி, உறைப்பதைப் பார்த்து, அதையும் மிளகு என்றே அழைத்திருக்கிறார்கள். பிறகு போர்த்துக்கீசியர் அதை நம் பக்கம் கொண்டுவந்து இறக்கினார்கள்.

பக்கத்தைப் புரட்டி ‘பெப்பர்’ என்ற சொல்லுக்குப் போனேன். அது மிளகின் பெயரே அல்ல. பிப்பலி, அதாவது நம் திப்பிலியின் பெயர். அதுதான் பல பாஷைகளுக்குள் புகுந்து புறப்பட்டு, போன இடத்தில் மிளகின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இதைக் காட்டியபோது அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நூலகர் எங்களை முறைத்தார்.

“அப்படிப் போடு! மிளகும் லேசுப்பட்டதில்ல. அங்க போய்த் திப்பிலிக்க பேருல இருந்திருக்கு!”

கிடைத்த முடிவை அவர் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. நரிக்குடியிலிருந்து வத்தல் கொண்டுவந்த ஒரு சம்சாரி, காசுக்காக மண்டியில் காத்திருந்தார். அவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்த அக்கா, கூடவே இந்தச் செய்தியையும் கொடுத்தார்.

“நம்ம ஊரு காயி இல்லையா? என்ன தாயி சொல்றீக! எங்க தாத்தன் காலத்துல இருந்து போடுறோம்.”

“தாத்தா போட்டிருப்பாவ. அந்தத் தாத்தாவுக்குத் தாத்தாவுக்குத் தாத்தாகிட்ட இதைக் காட்டியிருந்தா, இது என்ன பழம்னு கேட்டிருப்பாவ.”

“அப்ப அவுக கஞ்சிக்கு என்னத்தக் கடிச்சாக?”

சம்சாரி மோரைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: “வத்தல் வித்துச் சாப்பிடுற வீட்டுல, வத்தல் நம்மது இல்லேன்னு ஒரு மருமக. நல்லாத்தான் தேடிப் பிடிச்சிருக்காக.”

இடம் பொருள் பார்க்கிற பழக்கம் அவரிடம் குறைவு. உறவில் ஒரு சாவுக்குப் போன இடத்தில், துக்கம் கேட்க வந்திருந்த மராத்தி பேசும் பெண் ஒருவரிடம் முடிச்சை அவிழ்த்துவிட்டார். அந்தப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டே பதில் சொன்னாராம். மாமியார் அன்று திரும்பி வரும் வழியெல்லாம் திட்டினார். “எழவு வீட்டுல பொம்பளைக முடிஞ்ச கொண்டையைத்தான் அவுப்பாக. இவ கைக்குட்டையை அவுக்கிறா.” அக்காவுக்கு அது தப்பு என்று கடைசிவரை தோன்றவில்லை. “அந்தப் பிள்ளை அழுதிட்டு இருந்தவ, பதில் சொல்லும்போது ரெண்டு நிமிஷம் அழாம இருந்தால்லா?” என்றார்.

சில மனிதர்களிடம் தன்னம்பிக்கை சத்தமாக இருக்கும். இவரிடம் அது சத்தமே இல்லாமல் இருந்தது. தனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்பார். கேலி செய்தால் கூடவே சிரிப்பார். சிரித்து முடித்த பிறகு சொன்னதையே மறுபடி சொல்வார்.

எங்கள் ஆலையில் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தியை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அக்கா தாழ்வாரத்தில் உட்கார்த்தி, காப்பி கொடுத்து, முடிச்சை அவிழ்த்தார். அவளுக்குச் சிங்களம் தெரியும். வத்தலைக் காட்டியதும் மிரிஸ் என்றாள். மிளகைக் காட்டியதும் கம்மிரிஸ் என்றாள்.

“அந்த ‘கம்’முன்னா என்ன?”

“கம்முன்னா கிராமம், ஊரு. ஊரு மிரிஸ்.”

அக்கா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “கேட்டியா? வந்தது பேரை எடுத்துக்கிட்டுது. இருந்தது, நான் இந்த ஊருதான்னு விலாசம் சொல்ல வேண்டியதாப் போச்சு” என்றார்.

உள்ளே அரிசி புடைக்கிற சத்தம் நின்றது. மாமியார் முறத்தோடு நிலைப்படியில் வந்து நின்று மருமகளைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். புடைக்கிற சத்தம் மறுபடி கேட்டபோது முன்னைவிட வேகமாக இருந்தது.

இனி அந்த ஒரு படியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த வீட்டில் அக்கா எல்லா நாளும் சமைத்தார். மாமனாருடைய திவசத்தன்று மட்டும் அடுப்படிக்குள் போகக் கூடாது. மாசி மாதத்தில் வரும் அந்த நாளில் மண்டியை அடைத்துவிடுவார்கள். காரியாபட்டியில் கட்டிக்கொடுத்த மகள் முதல் நாளே வந்துவிடுவார். அவரும் மாமியாரும் சேர்ந்து சமைப்பார்கள். ஒரு தலைவாழை இலையில் படையல். அக்காவின் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க, முறை தெரிந்த சின்ன மாமனார் படைப்பார். அக்கா காலையிலேயே குளித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். போகச் சொல்லி யாரும் சொன்னதில்லை. இருக்கச் சொல்லியும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து அவர்கள் மாடி தெரியும். சின்ன மாமனார் காக்கைக்குச் சோறு வைப்பதை அக்கா பார்த்துக்கொண்டு நிற்பார். அக்காவின் மகளுக்கு விவரம் தெரிந்த வருஷத்தில், “நம்ம ஏம்மா அங்க போகல?” என்று அது கேட்டது. அக்கா எதற்கும் பதில் வைத்திருப்பவர். அன்று பிள்ளைக்குத் தலை சீவ ஆரம்பித்துவிட்டார். ஏற்கெனவே சீவிப் பின்னிய தலை.

இத்தனைக்கும் அவருடைய அம்மாவே நாகர்கோவிலிலிருந்து, படைத்த சோற்றைத் தொடாதே என்று எழுதியிருந்தார். “படைக்கிறது எனக்க மாமாவுக்கு. நான் கண்ணால பாக்காத மனுஷனுக்கு ஒரு நேரம் சோறு வைக்கிறதுல கர்த்தருக்கு என்ன வருத்தம்?” என்று என்னிடம் கேட்டார். ஆசை அவ்வளவுதான். தான் அந்த வீட்டுக்காரி என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேறில்லை என்று அவர் நினைத்தார். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அவர் நினைத்தது எனக்குத் தெரியும்.

திவசச் சமையலுக்கு அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. மிளகாய் ஆகாது, மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு, கோசு எதுவும் ஆகாது. ஏன் என்று அக்கா ஒருமுறை மாமியாரைக் கேட்டார். “அதெல்லாம் சூடு. அவுகளுக்கு ஆகாது” என்று பதில் வந்தது. அக்கா என்னிடம் வந்து, “சூடும் இல்ல, குளிர்ச்சியும் இல்ல. எல்லாம் கப்பல்ல வந்தது. அந்தக் காலத்துப் பெரியவியளுக்குத் தெரியாத காயி. தெரியாததை இலையில வைக்கக் கூடாதுன்னு ஆரோ யோசிச்சு வச்சிருக்காவ. நல்ல முறையாக்கும்” என்றார். வாசலோடு நிறுத்தப்பட்டவர்தான் அந்த முறையை அதிகமாக மெச்சினார்.

திவசம் முடிந்ததும் அவருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டுக்கு வரும். ஒரு வருஷம் மிளகுக் குழம்பை வாயில் வைத்தவர் நிறுத்தி, மறுபடி ருசித்துவிட்டு, “இதுல வத்தல் இருக்கு” என்றார்.

“சும்மா இருங்கக்கா. அவுகளா போடுவாக?”

“போடல்ல. அம்மியில இருக்கு. வருஷம் பூரா வத்தல் அரைச்ச அம்மி. கழுவினா போவுமா? கல்லு குடிச்சு வச்சிருக்கு.”

“அவுககிட்டச் சொல்லீறலாமே?”

“அடுப்படியில நிக்கச் சொன்னால்லா சொல்ல முடியும்” என்று சாப்பிட்டு முடித்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி. திவசத்துக்கு முன்னால் மாமியார் துவைகல் அருகில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். காரியாபட்டி மகள் புகுந்த வீட்டில் ஒரு குழந்தை பிறந்து தீட்டு. அவர் வர முடியாது. முதல் நாள் சாயங்காலம் நானும் அம்மாவும் மாமியாரைப் பார்க்கப் போயிருந்தோம். நாங்களே ஆக்கித் தருவதாக அம்மா சொன்னார்.

“நீங்க சொன்னதே போதும்க்கா. ஆனா வேற வீட்டுக் கை கூடாது. இங்க பொறந்தவ ஆக்கணும், இல்ல இங்க வாக்கப்பட்டவ ஆக்கணும்.”

“ஆளு வச்சு ஆக்கிருவோம் மதினி” என்றார் சின்ன மாமனார்.

“கூலிக்கு ஆக்குன சோத்தையா உங்க அண்ணனுக்கு வைக்க?”

வாக்கப்பட்டவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மாமியார் அந்தப் பக்கம் பார்க்காமலே கேட்டார்: “இந்தா பிள்ள, நாளைக்கு நீ ஆக்குவியா?”

அக்காவின் கை நின்றது. இத்தனை வருஷம் எங்கள் வீட்டு ஜன்னலில் நின்றவர் இந்தக் கேள்விக்கு உடனே சரி என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

“ஆக்குதேன் அத்தே. ஆனா இந்த அம்மியில அரைக்க மாட்டேன்.”

நான் அவர் முதுகில் கிள்ளினேன். அவர் அசையவில்லை. காரணத்தையும் சொல்லி முடித்தார்.

சின்ன மாமனார் எழுந்துவிட்டார். “பாத்தீகளா மதினி! இத்தன வருசமா நீங்க அண்ணனுக்கு வச்சது தீட்டுச் சோறுங்குறா. உள்ள காலை வைக்கச் சொல்லல, அதுக்குள்ள வாயை வச்சுட்டா. இதுக்குத்தான் ஆளு வச்சு ஆக்குவோம்னேன்.”

“தீட்டுன்னு நான் சொல்லல்ல சின்ன மாமா. வத்தல் இருக்குன்னுதான் சொன்னேன்.”

மாமியார் எழுந்து பின்கட்டுக்குப் போனார். நாங்களும் போனோம். அம்மி கழுவிச் சாத்தி வைத்திருந்தது. அதைக் கிடத்தச் சொல்லி, நல்ல கையான இடது கையால் தண்ணீரைத் தெளித்து, நடுக்குழியில் அழுத்தித் தேய்த்தார். விரலை நாக்கில் வைத்தார். வாழ்நாளெல்லாம் வத்தலோடு இருந்த நாக்கு. கொஞ்ச நேரம் ஆனது.

“உறைக்குது” என்றார்.

மாமியார் அம்மிமேலேயே உட்கார்ந்துவிட்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

“அதான பாத்தேன்” என்றார். “அவுக ஒரு வருசங்கூடக் கனவுல வந்து கொறை சொல்லல. வத்தல் இல்லாம ஒருவாய்ச் சோறு எறங்காத மனுசன், மிளகை வச்சா சண்டைக்கு வந்திருக்கணுமே, ஏன் வரலன்னு நானும் யோசிச்சிருக்கேன்.”

நாங்கள் சிரித்துவிட்டோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வத்தல் படாத கல்லுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு அம்மி உதவாது. அந்தத் தெருவிலேயே எதுவும் உதவாது. பிறகு அவரே கண்டுபிடித்தார். நாட்டு மருந்துக்கடையில் மருந்து அரைக்கிற கல்வம். சுக்கு, மிளகு, திப்பிலி தவிர எதுவும் அறியாத கல்.

கடை அடைக்கும் நேரத்தில் என்னை அனுப்பினார். கடைக்காரர், “கல்வத்தை வெளிய குடுக்கிறதில்லையேம்மா. யாருக்குச் சளி?” என்றார்.

“மண்டிக்காரருக்கு.”

“எந்த மண்டிக்காரருக்கு?”

“இறந்துபோனாகள்ல, அவுகளுக்கு.”

கதை முழுவதையும் சொன்ன பிறகு, அவரே துடைத்து எடுத்து என் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலையில் அக்கா தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு அடுப்படிக்குள் நின்றார். சட்டி, அகப்பை எல்லாம் புதிது. மாமியார் நிலைப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் வெளியே நின்று காய் நறுக்கிக் கொடுத்தேன். மிளகும் சீரகமும் கல்வத்தில் அரைபட்டன. நாகர்கோவில் கை அல்லவா. மிளகுக் குழம்பு கொதித்த வாசம் எங்கள் வீடு வரைக்கும் போனது. படையலுக்கு முன் ருசி பார்க்கக் கூடாது. மாமியார் மூக்கால் பார்த்துக்கொண்டே இருந்தார். குழம்பு இறங்கியதும் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப இன்னைக்கு வத்தல் வாடையே இருக்காதுல்ல?”

“இருக்காது அத்தே.”

“அவுகளுக்கு எறங்காதே, பிள்ள.”

அக்கா அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினார். “மாமா ஒத்தையிலயா வாராவ? அவியளுக்க அப்பா, தாத்தா, அதுக்கும் முந்தி உள்ளவிய எல்லாருமில்லா வாராவ. முந்தி உள்ளவியளுக்கு வத்தலே தெரியாது. வாயில வச்சா எரிஞ்சுபோவும், பாவம்.”

“அது சரிதான். ஆனா அவுக…” என்ற மாமியார், மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். மருமகளிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத முகம்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு பக்கத்துக் கொடியடுப்பில் தனிச் சட்டியை ஏற்றினார். என்னிடம் திரும்பி, “மண்டிக்குள்ள போயி, புது வத்தல்ல நல்லதாப் பாத்து ஒரு கை எடுத்துட்டு வா. அம்மியைக் கழுவி வை” என்றார். “பெரியவியளுக்கு மிளகுக் குழம்பு. மாமாவுக்கு வத்தக்குழம்பு. இலையும் தனித்தனி.”

மாமியார் நிமிர்ந்தார். “எண்ணெய கூட ஊத்து. அவுகளுக்கு மெதக்கணும்” என்றார்.

அந்த நேரத்தில் சின்ன மாமனார் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். வத்தல் வறுபடுகிற நெடி அவரை முற்றத்திலேயே நிறுத்திவிட்டது.

“மதினி, என்ன இது! திவசத்தன்னைக்கு வத்தலா? யாரு சொன்னது? அப்ப எலை எத்தன போடுறது, எப்படிப் படைக்கிறது, எனக்கு ஒண்ணும் விளங்கலையே.”

“என்கிட்ட எதுக்குக் கேக்குறீக, தம்பி? ஆக்குறது அவ. அவகிட்டக் கேளுங்க.”

அவர் மதினியைப் பார்த்தார். மதினி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் சின்ன மாமனார் அவரிடம் நேராக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு அடுப்படி நிலைக்கு வந்தார். தொண்டையைச் செருமினார்.

“எலை எத்தனம்மா அறுக்க?”

அக்கா சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ரெண்டு, சின்ன மாமா. கிழியாததாப் பாத்து அறுங்க.”

அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்.